இன்ஃப்ளுயன்சாவுக்குச் சீன மூலிகைக் கஷாயம்: சோதனைகள் என்ன சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு காய்ச்சல் பரவினால் போதும், சீனாவில் சில மூலிகை மருந்துகள் கடைகளில் தீர்ந்துபோய்விடும். 2003 பிப்ரவரியில் சார்ஸ் பற்றிய பேச்சு குவாங்டாங் மாகாணத்தில் பரவியபோது மக்கள் முண்டியடித்து வாங்கியவை இரண்டு: ஒன்று வினிகர், இன்னொன்று பன் லான் கென் என்கிற வேர்மருந்து. 2009ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோதும் 2013ல் எச்7என்9 பறவைக் காய்ச்சல் வந்தபோதும் மறுபடி அதே கூட்டம். இவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்று நண்பர்களும் வாசகர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாரம்பரிய மருந்து ஒன்றுக்கு நாம் காட்டக்கூடிய பெரிய மரியாதை அதை நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பதுதான் என்று நம்புகிறவன் நான். பதில்களை அந்த நம்பிக்கையோடுதான் எழுதியிருக்கிறேன்.

இன்ஃப்ளுயன்சா என்பது சாதாரண சளிக்காய்ச்சல்தானே?

இல்லை. சளி பிடிப்பதற்குப் பல வகை வைரஸ்கள் காரணமாக இருக்கலாம். இன்ஃப்ளுயன்சாவுக்குக் காரணம் அந்தப் பெயர் கொண்ட வைரஸ் மட்டுமே. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோலப் படுத்துவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இதனால் வரும் மூச்சுக் கோளாறில் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள். ஆனாலும் காய்ச்சலும் இருமலுமாக வருகிற ஒருவருக்கு இருப்பது இதுதானா என்பதை ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தைச் சோதிக்கும்போது இந்த விஷயம் மிக முக்கியம். பரிசோதிக்காமல் "காய்ச்சல்காரர்கள்" என்று 100 பேரைச் சேர்த்தால், அதில் பாதிப் பேருக்கு வேறு ஏதோ வைரஸ் இருக்கலாம்.

சீன மருத்துவர்கள் இதற்கு எதைக் கொடுக்கிறார்கள்?

ஒற்றை மூலிகையை அவர்கள் அநேகமாகக் கொடுப்பதில்லை. பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்துதான் வழக்கம். இதில் இரண்டு பழைய மரபுகள் உண்டு. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஹான் வம்சத்தின் இறுதியில் வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங், குளிரால் வரும் காய்ச்சல்கள் என்று ஒரு வகையைப் பிரித்து மருந்து எழுதிவைத்தார். எபிட்ரா என்ற செடி, கசப்பு வாதுமை (ஆப்ரிகாட் பழத்தின் கசப்பான விதைப் பருப்பு), ஜிப்சம், அதிமதுரம் ஆகிய நான்கும் சேர்ந்த "மா சிங் ஷி கான்" கஷாயம் அவர் மரபில் வந்தது. பல நூற்றாண்டுகள் கழித்துத் தென்சீனத்து மருத்துவர்கள், வெப்பத்தால் வரும் தொற்றுக் காய்ச்சலுக்கு அந்த வைத்தியம் பொருந்தவில்லை என்று கண்டு தனி வழி வகுத்தார்கள். அவர்களில் ஒருவரான வூ ஜூதொங் 1798ல் எழுதிய நூலில் இருப்பது "இன் சியாவ் சான்". ஹனிசக்கிள் பூவும் ஃபோர்சித்தியா காயும் அதில் முதன்மையான சரக்குகள்.

நோயாளியின் நாக்கு, நாடி, வியர்வை, குளிர் நடுக்கம் எல்லாம் பார்த்து "காற்று-வெப்பம்", "காற்று-குளிர்" என்று நோய்க்கோலத்தைப் பிரித்த பிறகே மருந்து. எனவே ஒரே வைரஸ் தாக்கிய இருவருக்கு வேறு வேறு கஷாயம் போகலாம். வாதம், பித்தம், கபம் என்று பார்த்துக் குடிநீர் சொல்லும் சித்த வைத்தியரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

பல நூற்றாண்டு அனுபவம் போதாதா? தனியாக எதற்குச் சோதனை?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கேட்பவர்களின் ஆதங்கமும் புரிகிறது.

அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் இன்ஃப்ளுயன்சா அனுபவத்தை ஏமாற்றக்கூடிய நோய். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு நாளில் காய்ச்சல் தானாக இறங்கிவிடும், ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுவார்கள். இரண்டாம் நாள் மருத்துவரிடம் போய், மூன்றாம் நாள் கஷாயம் குடித்து, நான்காம் நாள் காய்ச்சல் விட்டால் கஷாயத்தால்தான் விட்டது என்று நோயாளியும் நினைப்பார், மருத்துவரும் நினைப்பார். குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஒரு நோயாளியிடமிருந்து யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை ஆயிரம் நோயாளிகளை இப்படிப் பார்த்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. குடித்தவர், குடிக்காதவர் என்று ஒரேமாதிரியான இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அடைபடும்.

இன்னொன்றும் உண்டு. மனித இன்ஃப்ளுயன்சா வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே 1933ல்தான். அதற்கு முந்தைய ஏடுகளில் "தொற்றுக் காய்ச்சல்" என்றிருப்பது எந்த நோய் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

பழைய ஏடுகளைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா என்றால், நிச்சயமாக இல்லை. மலேரியா மருந்து தேடிய சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதையைப் பாருங்கள். 1967 மே 23ல் தொடங்கிய "523 திட்டம்" என்ற ராணுவ ஆராய்ச்சியில் அவர் குழு ஏராளமான மூலிகைகளைச் சோதித்தது. சிங் ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. அப்போது 4ஆம் நூற்றாண்டில் கொ ஹொங் எழுதிய ஏட்டில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருப்பது அவர் கண்ணில் பட்டது. காய்ச்சு என்ற சொல்லே அங்கே இல்லை. சூட்டில் மருந்துப் பொருள் கெட்டுவிடுகிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈத்தர் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி, சோதனை விலங்குகளில் மலேரியாக் கிருமியை முழுக்க அழித்தது. அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் ஆர்ட்டெமிசினின். 2015ல் நோபல் பரிசு வந்தது. ஏடு வழி காட்டியது. அந்த வழி சரிதான் என்று ஊர்ஜிதம் செய்தது சோதனை.

ஆய்வகத்தில் வைரஸைக் கொன்றுவிட்டது என்று செய்தி வருகிறதே?

அந்தச் செய்திகள் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவை சொல்வது மிகச் சிறிய விஷயம்.

வழக்கமாக நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் ஒருவகைச் செல்களைத் தட்டில் வைத்து, வைரஸை விட்டு, மூலிகைச் சாற்றைச் சேர்ப்பார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தால் "எதிர்ப்புத் தன்மை உண்டு" என்று எழுதுவார்கள். இங்கே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: செல்லுக்கு என்ன ஆயிற்று? சாறு செல்லையே கொன்றுவிட்டால் வைரஸ் பெருக இடம் ஏது? ஆகவே வைரஸை அடக்கும் அளவுக்கும் செல்லைக் கொல்லும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, துவர்ப்புள்ள மூலிகைகளில் டானின் இருக்கும். அது கண்ணில்படும் புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். தட்டில் வைரஸையும் பிடிக்கும், வயிற்றுக்குள் போனால் சோற்றிலுள்ள புரதத்தையும் பிடிக்கும். அந்த ஆற்றல் மூச்சுக்குழாய் வரை போய்ச் சேராது. மூன்றாவது, வைரஸ் செல்லைவிட்டு வெளியேறிப் பரவ உதவும் நியூராமினிடேஸ் நொதியை மூலிகை தடுக்கிறதா என்று ஒளிரும் வேதிப்பொருளை வைத்து அளப்பார்கள். தாவரங்களின் மஞ்சள் நிறமிகள் சில அந்த ஒளியையே மங்கச் செய்துவிடும். பார்ப்பவருக்கு நொதி நின்றுபோனதாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், குடித்த கஷாயத்திலிருந்து எவ்வளவு குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகிறது என்ற கேள்வி நிற்கும். தட்டில் ஊற்றிய செறிவு இரத்தத்தில் ஒருபோதும் வராமல் போகலாம். அதனால்தான் எலி, ஃபெரட் என்று விலங்குச் சோதனைக்குப் போகிறார்கள். ஃபெரட் கீரி போல நீண்ட உடம்புள்ள சிறு விலங்கு. மனித இன்ஃப்ளுயன்சா வந்தால் நம்மைப் போலவே தும்மும். 1933ல் வைரஸைக் கண்டுபிடிக்க உதவியதும் அதுதான்.

நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2015ல் சொன்னது சுவாரசியமானது. ஹனிசக்கிள் பூவிலுள்ள மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று கொதிக்க வைத்தாலும் கெடுவதில்லை, அதைக் குடித்த எலிகளின் நுரையீரலுக்கே போய் இன்ஃப்ளுயன்சா வைரஸை அடக்குகிறது என்றார்கள். உணவிலுள்ள இத்தகைய துண்டுகள் குடலைத் தாண்டிப் போதிய அளவில் உடலுக்குள் போகுமா என்பதில் விஞ்ஞானிகளிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. இதை ஒரு நல்ல கேள்வியாக மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனை எது?

2009 ஜூலை முதல் நவம்பர் வரை, சீனாவின் 4 மாகாணங்களில் 11 மருத்துவமனைகளில் நடந்த சோதனையைத்தான் முதலில் சொல்வேன். முடிவுகள் 2011ல் அமெரிக்காவின் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தன.

15 முதல் 69 வயது வரையுள்ள 410 பேர். எல்லோருக்கும் எச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல், என்பது ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டிருந்தது. குலுக்கல் முறையில் நான்கு குழுக்கள். முதல் குழுவுக்கு இன்ஃப்ளுயன்சாவுக்கான நவீன மருந்தான ஒசெல்டாமிவிர், அதாவது டாமிஃப்ளூ, 75 மி.கி. தினம் இரு வேளை. இரண்டாம் குழுவுக்குக் கஷாயம், 200 மி.லி. தினம் நான்கு வேளை. மூன்றாம் குழுவுக்கு இரண்டும். நான்காம் குழுவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. 5 நாள் சிகிச்சை.

கஷாயம் முன்னால் சொன்ன இரண்டு பழைய மருந்துகளையும் சேர்த்துச் செய்தது. 12 சரக்குகள்: எபிட்ரா, ஜிப்சம், கசப்பு வாதுமை, அதிமதுரம், ஹனிசக்கிள் பூ, ஃபோர்சித்தியா காய், ஒருவகைப் புதினா என்று பட்டியல் நீள்கிறது. தூ யூயூவின் சிங் ஹாவும் அதில் ஒன்று.

மருந்து எதுவும் எடுக்காதவர்களுக்குக் காய்ச்சல் விட 26 மணி நேரம் ஆனது (நடு அளவு, அதாவது பாதிப் பேருக்கு இதற்குள் விட்டது). ஒசெல்டாமிவிர் அந்த நேரத்தை 34 சதவீதம் குறைத்தது. கஷாயம் 37 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 47 சதவீதம். மணிக்கணக்கில் சொன்னால், கஷாயம் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் ஏறத்தாழ 10 மணி நேரம் முன்னதாக விட்டது. கஷாயத்தால் வாந்தி, குமட்டல் என்று சொன்னவர்கள் 2 பேர்.

இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முடிவைவிட, கேள்வியை ஒழுங்காகக் கேட்ட விதம்தான் அதற்குக் காரணம். நோய் உறுதி செய்யப்பட்டது, குலுக்கல் நடந்தது, நவீன மருந்தும் பழைய மருந்தும் ஒரே அளவுகோலில் வைக்கப்பட்டன, ஒன்றும் எடுக்காத குழுவும் இருந்தது. பெருந்தொற்றின் நடுவில் நான்கே மாதத்தில் இவ்வளவையும் செய்வது சுலபமில்லை.

அப்படியானால் நிரூபணம் ஆகிவிட்டதே! இன்னும் என்ன தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணங்களை அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பங்கேற்றவர்கள் இளவயதினர், நோயும் லேசானது. 26 மணி நேரத்தில் தானாகக் காய்ச்சல் விடும் கூட்டத்தில் கிடைத்த முடிவை, மூச்சுத் திணறி ஐ.சி.யு.வில் கிடக்கும் 70 வயதுக்காரருக்குப் பொருத்த முடியாது. மூக்கிலிருந்து வைரஸ் வெளியேறுவது எப்போது நின்றது என்ற தகவல் பலருக்குக் கிடைக்காததால், கஷாயம் வைரஸை அடக்கியதா, காய்ச்சலை மட்டும் இறக்கியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெரிய குறை வேறு. தான் எந்தக் குழு என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். கஷாயம் குடிப்பவருக்குத் தான் குடிப்பது தெரியாமல் இருக்குமா? நம்பிக்கையோடு குடிப்பவர் தன் உடம்பை வேறுவிதமாகக் கவனிப்பார், கூட ஓய்வெடுப்பார். நான் கூடுதலாக யோசிப்பது ஒன்று: 200 மி.லி. நான்கு வேளை என்றால் தினம் 800 மி.லி. நீர். எதுவும் கொடுக்கப்படாத குழுவினருக்கு அதற்கு ஈடாக ஒரு வெற்றுக் கஷாயம் தரப்படவில்லை. காய்ச்சல்காரருக்குத் தினம் 800 மி.லி. திரவம் கூடுதலாக உள்ளே போவதே ஒரு சிகிச்சை இல்லையா?

வெற்றுக் கஷாயம் செய்வது அவ்வளவு கடினமா?

மாத்திரை என்றால் சுலபம், மாவை அடைத்து அதே நிறத்தில் செய்துவிடலாம். கஷாயத்துக்கு வாசனை, கசப்பு, நிறம், அடிக்கசடு எல்லாம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து வீட்டில் குடித்துப் பழகிய சீனப் பாட்டிக்கு ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிடும். சிலர் உணவு நிறமும் கசப்புப் பொருளும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிலர் உண்மையான கஷாயத்தையே 5 சதவீத அளவுக்கு நீர்க்கவைத்துக் கொடுக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு, நீர்த்த கஷாயம் கொஞ்சம் வேலை செய்துவிட்டால்? காய்ச்சி உலர்த்திய குருணையைக் கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால் சுவைப் பிரச்சினை ஓரளவு தீரும்.

லியன்ஹுவா சிங்வென் கேப்சூல் அப்படித்தான் சோதிக்கப்பட்டதா?

ஆமாம். சார்ஸுக்குப் பிறகு 2004ல் சீனாவில் அனுமதி பெற்ற மருந்து அது. ஷிஜியாஜுவாங் நகரிலுள்ள யிலிங் நிறுவனம் தயாரிக்கிறது. 13 சரக்குகள். மேலே சொன்ன இரண்டு பழைய மருந்துகளின் சாயலும் அதில் உண்டு, கூடவே பன் லான் கென் வேர், ருபார்ப் கிழங்கு, மென்தால் எல்லாம் சேர்கின்றன.

எச்1என்1 நோயாளிகள் 244 பேரிடம் நடந்த சோதனை 2011ல் வெளியானது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நோய் நீடித்தது கேப்சூல் குழுவில் 69 மணி நேரம், ஒசெல்டாமிவிர் குழுவில் 85. வைரஸ் வெளியேறியது முறையே 103 மணி, 96 மணி. இரண்டிலும் புள்ளியியல் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கேப்சூல் குழுவில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி போன்றவை சீக்கிரம் குறைந்தன என்றும் சொன்னார்கள்.

"ஒசெல்டாமிவிருக்கு இணை" என்று விளம்பரம் செய்ய இது போதும். ஆனால் இதில் வெற்று மருந்துக் குழுவே இல்லை. இரண்டு மருந்தும் சமமாக வேலை செய்தாலும் இதே முடிவுதான் வரும், இரண்டும் அந்த நோயாளிகளுக்குப் பெரிதாக உதவாமல் நோய் தானாக ஆறியிருந்தாலும் இதே முடிவுதான் வரும். 244 பேர் என்பது இரண்டையும் பிரித்துச் சொல்லப் போதுமான எண்ணிக்கையும் அல்ல.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால்?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதைச் செய்தது. 2013ல் வந்த அவர்களின் தொகுப்பாய்வில் 18 ஆய்வுகள், 2521 பேர். அவற்றில் 17 ஆய்வுகள் தரம் குறைந்தவை என்று எழுதவேண்டி வந்தது. சில மருந்துகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஆதாரம் பலவீனம். சாரம் அவ்வளவுதான்.

ஏன் தரம் குறைந்தது என்பதற்கு விடை 2009ல் வந்த இன்னொரு ஆய்வில் இருக்கிறது. செய்தவர்கள் சீன ஆய்வாளர்களே என்பதைக் கவனியுங்கள். சீன இதழ்களில் "குலுக்கல் முறையில் நடந்தது" என்று வெளியான 3137 ஆய்வுகளை எடுத்தார்கள். எழுதியவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள், எப்படிக் குலுக்கினீர்கள் என்று கேட்டார்கள். 2235 ஆய்வுகளின் ஆசிரியர்கள் பதில் சொன்னார்கள். உண்மையாகக் குலுக்கல் நடந்தது 207 ஆய்வுகளில்தான். பலருக்குக் குலுக்கல் என்றால் என்னவென்றே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பாரம்பரிய மருந்து ஆய்வுகள் மட்டும் அப்படி என்று நினைக்க வேண்டாம், நவீன மருந்து ஆய்வுகளும் அந்தக் கணக்கில் இருந்தன.

தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டி வெளியே காட்டிய அந்த ஆய்வாளர்களிடம் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதன் பிறகு நிலைமை மெல்ல மாறியிருக்கிறது. சோதனையைத் தொடங்கும் முன்பே அதைச் சீன மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்யும் வழக்கம் வந்திருக்கிறது. சீனக் கூட்டு மருந்துச் சோதனைகளை எப்படி அறிக்கையாக எழுத வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டுதலும் 2017ல் வந்தது.

டாமிஃப்ளூவே பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்து வந்ததாமே? அப்போ அன்னாசிப்பூ கஷாயம் குடிக்கலாமா?

முதல் பாதி சரி. தென்சீனத்தின் குவாங்சி பகுதியில் விளையும் அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் நிறைய இருக்கிறது. ஒசெல்டாமிவிர் செய்வதற்கு அதுதான் ஆரம்பப் பொருள். 2005ல் பறவைக் காய்ச்சல் பயத்தில் நாடுகள் மருந்தைச் சேர்த்துவைத்தபோது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. பின்னால் பாக்டீரியாவை வைத்தும் அந்த அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் ஷிகிமிக் அமிலம் வைரஸை எதுவும் செய்யாது. அது பல படி வேதிமாற்றங்களுக்குப் பிறகுதான் ஒசெல்டாமிவிர் ஆகிறது. அன்னாசிப்பூ கஷாயத்தைச் சளிக்குச் சூடாகக் குடித்தால் இதமாக இருக்கலாம், டாமிஃப்ளூ குடித்ததாக ஆகாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. பார்வைக்கு இதே போல இருக்கும் ஜப்பானிய அன்னாசிப்பூ நஞ்சு, வலிப்பு வரும். இரண்டும் கலந்த தேநீரால் உடல்நலம் கெட்டவர்கள் உண்டு. அன்னாசிப்பூத் தேநீரைத் தவிர்க்கும்படி 2003ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்ததற்கு இந்தக் கலப்படமும் ஒரு காரணம்.

டாமிஃப்ளூ மட்டும் என்ன பெரிய மருந்து?

நியாயமான கேள்வி. 2014ல் காக்ரேன் அமைப்பு கணக்குப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு அறிகுறிகள் நீடிக்கும் காலம் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது, அதாவது சுமார் 17 மணி நேரம். அந்தக் கணக்கைப் போடத் தேவையான முழு ஆய்வறிக்கைகளைத் தயாரிப்பு நிறுவனமான ரோஷிடமிருந்து வாங்கவே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மூலிகைக்கு ஒரு தராசு, மாத்திரைக்கு ஒரு தராசு என்று வைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் தெரிவது, லேசான இன்ஃப்ளுயன்சாவில் எந்த மருந்தாலும் அதிசயம் நடப்பதில்லை என்பதுதான்.

ஒரே பெயரில் விற்கும் மூலிகை எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

இதைப் பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. மாத்திரையில் 75 மி.கி. என்றால் 75 மி.கி. மூலிகையில் மண், மழை, பறித்த மாதம், காயவைத்த விதம் எல்லாமே மருந்துச் சத்தை மாற்றும். சீனாவில் நெடுங்காலம் ஹனிசக்கிள் பூ என்று நெருங்கிய இனங்கள் பலவற்றையும் சேர்த்தே விற்றார்கள். மருந்துகளின் தரத்தை வகுக்கும் அரசு நூலான மருந்துக்கோவையின் 2005 பதிப்புதான் ஜின் இன் ஹுவா என்ற அசல் ஹனிசக்கிளையும் மலை ஹனிசக்கிளையும் தனித்தனியாகப் பிரித்தது. தரம் பார்க்க குளோரோஜெனிக் அமிலத்தை அளப்பார்கள். விசித்திரம் என்னவென்றால் அந்த அமிலம் மலை ஹனிசக்கிளில்தான் அதிகம். அதை மட்டும் அளந்தால் மாற்றுச் சரக்கு முதல் மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே அசல் பூவை அடையாளம் காண லூட்டியோலோசைடு என்ற இன்னொரு பொருளையும் அளக்கிறார்கள்.

சரக்கு மாறினால் உயிருக்கே ஆபத்து என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த ஒரு மருந்தில், "ஃபாங் ஜி" என்ற பெயர்க் குழப்பத்தால் வேறு செடி சேர்ந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா இனம். ஏறத்தாழ 100 பெண்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது, சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா இனம்தான், சிறுநீரகத்தைக் கெடுத்த அதே அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதிலும் உண்டு. வீட்டுவைத்தியமாக அதை எடுக்காதீர்கள்.

பக்கவிளைவு இல்லாத மருந்துதானே?

வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு இருக்கும். எபிட்ராவில் எபிட்ரின் இருக்கிறது: மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எபிட்ரா சேர்ந்த சத்துப் பொருள்களை அமெரிக்கா 2004ல் தடை செய்தது. அதிமதுரத்தை அதிகம் எடுத்தால் பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும். கசப்பு வாதுமையில் சயனைடாக மாறும் பொருள் உண்டு. ருபார்ப் வயிற்றுப்போக்கைத் தரும், காய்ச்சலில் நீர் வற்றியவருக்கு அது கூடாது. குடிக்கும் மருந்தை ஊசியாக மாற்றினால் ஆபத்து இன்னும் கூடும். மீன்வாசனைச் செடி என்று அழைக்கப்படும் ஹௌட்டினியாவிலிருந்து செய்த ஊசி மருந்தை, கடும் ஒவ்வாமையும் மரணங்களும் நேர்ந்ததால் 2006 ஜூனில் சீன அரசே நிறுத்திவைத்தது.

நம் கபசுரக் குடிநீருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 15 சரக்குள்ள கூட்டு மருந்து, தானாக ஆறும் காய்ச்சல், பழைய ஏட்டின் சான்று, ஆய்வகத் தட்டில் கிடைத்த முடிவுகள்: எல்லாம் அப்படியே அதே சிக்கல்கள். சீனர்கள் 2009ல் செய்ததுபோல, நோயை உறுதி செய்து, குலுக்கி, பல மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான பேரிடம், சுவையில் ஒத்த வெற்றுக் குடிநீரையும் வைத்து ஒரு சோதனை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது எனக்கே காய்ச்சல். என்ன செய்வது?

லேசாக இருந்தால் ஓய்வு, நிறைய நீர், கஞ்சி, தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒசெல்டாமிவிர் தேவை என்றால் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலமானால், குழப்பமாகப் பேசினால், விட்ட காய்ச்சல் மறுபடி கடுமையாக வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஏதாவது மூலிகை மருந்து எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். பாக்கெட்டையோ மீதிச் சரக்கையோ கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்த அழுத்த மாத்திரையோ இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.